எட்டாவதிலிருந்து பிறந்த கதை

நெல்வானா நிறுவனத்தாருக்கும் கிட்ஸ் டபிள்யூபி தொலைக்காட்சியாருக்கும் இலங்கையின் மாத்தளை மாவட்டத்து நாலந்தாவிலிருந்து ஒரு பாராட்டு. 'கார்ட்கேப்டர் சகுரா' என்ற ஜப்பானியச் சித்திரத் தொடரை ஆங்கிலமாக்கிக் கடல் தாண்டி அமெரிக்காவுக்குக் கொண்டுபோன உங்கள் கைவண்ணம் லேசுப்பட்டதல்ல. இத்தனை வருடம் கழித்தும் நெஞ்சில் தைத்து நிற்கிறது.

கிளாம்ப் என்ற பெண் படைப்பாளிகள் குழு எழுதி வரைந்த கதை அது. மேட்ஹவுஸ் தயாரிப்பில் 1998 ஏப்ரலில் ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சியில் தொடங்கியது. முதல் பருவத்தில் 35 எபிசோட்டுகள், மொத்தம் 70. நாலாம் வகுப்புப் பிள்ளை சகுரா, வீட்டு நிலவறையில் ஒரு பழைய புத்தகத்தைத் திறக்கிறாள். மேலே கிடந்த சீட்டின் பெயரை வாசித்ததும் காற்றெழும்பி, உள்ளே இருந்த மந்திரச் சீட்டுகளெல்லாம் ஊரெங்கும் பறந்துவிடுகின்றன. தெரியாமல் செய்த பிழைதான். ஆனாலும் ஒன்று விடாமல் தேடிப் பிடிக்கிற பொறுப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறாள்.

இந்தத் தொடக்கத்தையெல்லாம் பார்க்கும் சிரமத்தை நீங்கள் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு வைக்கவில்லை. 2000 ஜூனில் நேரே எட்டாவது எபிசோட்டிலிருந்து ஒளிபரப்பினீர்கள். எட்டில்தான் ஷாவ்ரான் என்ற பையன் வருகிறான். பெண்பிள்ளை கதையை நடத்தினால் பையன்கள் சேனலை மாற்றிவிடுவார்களே என்று முன்கூட்டியே கவலைப்பட்டு, பையன் காலெடுத்து வைக்கும் இடத்தில் கதையையே பிறக்க வைத்தீர்கள். எப்பேர்ப்பட்ட தீர்க்கதரிசனம்! தலைப்பிலிருந்தும் சகுராவை இறக்கி, 'கார்ட்கேப்டர்ஸ்' என்று பொதுவில் விட்டீர்கள். கதை அவளுடையது என்ற வீண் சந்தேகம் இனி யாருக்கும் வராது.

அந்த முதல் எபிசோட்டில் ஒரு காலை நேரம் வரும். சாப்பாட்டு மேசையில் இறந்துபோன தாய் நதேஷிகோவின் படம். தகப்பன் அதை மாற்றி மாற்றி வைப்பார். சகுரா மாடியிலிருந்து இறங்கி வந்து, அந்தப் படத்துக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். அழுகை இல்லை, பின்னணியில் சோக இசை இல்லை. தாயில்லாத வீடு எப்படி நிமிர்ந்து நடக்கிறது என்பதை அவ்வளவு சின்ன இடத்தில் காட்டிய சித்திரத் தொடர் வேறொன்றை நான் பார்த்ததில்லை. அதைக் காட்டாமல் தொடங்கியதற்காக உங்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். தாய் இல்லாத பிள்ளைகளும் அமெரிக்காவில் தொலைக்காட்சி பார்ப்பார்களே, அவர்கள் மனம் கலங்கிவிடுமல்லவா?

தோழி தோமோயோ, சகுராவுக்கு விதவிதமாக உடை தைப்பவள், வீடியோ கமராவும் கையுமாகப் பின்னாலேயே ஓடுபவள். அவள் சகுராமேல் வைத்திருந்தது வெறும் சிநேகம் அல்ல, கைம்மாறு கேட்காத காதல். நீங்கள் அவளுக்கு மேடிசன் என்று பெயர் வைத்து, அந்தக் காதலைத் துடைத்து வழித்து, வெறும் சினேகிதியாக மிச்சம் வைத்தீர்கள். சுத்தமான வேலை. நெல்வானா எழுபதையும் ஆங்கிலமாக்கி முடித்திருந்தும், கிட்ஸ் டபிள்யூபி 39ஐ மட்டும் அளந்து ஊட்டியது. அஜீரணம் வந்துவிடக்கூடாது என்ற தாய்மை அது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. நாலந்தாவில் கெடிகே என்று ஒரு கற்கோயில் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுந்தது என்பார்கள். பல்லவர் நாட்டுக் கோயிற்கலையைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து பௌத்தர்களின் வழிபாட்டுக்கு ஆக்கிய கட்டடம். மண்டபம், கருவறை, மேலே விமானம், அதன் கூட்டுக்குள் குபேரன். இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்று அந்தச் சிற்பிகள் எதையும் வெட்டிப் போடவில்லை. வந்த கலையையும் வணங்க வந்தவர்களையும் ஒருசேர மதித்துவிட்டார்கள், பாவம். பிறகு மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்து இடம் முழுகப் போனபோது, 1980 வாக்கில் கல் கல்லாகப் பிரித்து, மேட்டில் பழையபடி அடுக்கிக் கட்டினார்கள். அஸ்திவாரத்தை விட்டுவிட்டு எட்டாவது வரிசையிலிருந்து கட்டலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நீங்கள் அருகில் இருந்திருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள்.

பெயர் மாற்றியதை நான் குறையாகப் பிடிக்கவில்லை. எங்கள் ரூபவாஹினித் தொலைக்காட்சியில் டைட்டஸ் தொடவத்த பக்ஸ் பன்னியைச் சிங்களத்தில் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆக்கினார். அந்த முயல் இந்த மண்ணின் முயலாகவே துள்ளியது, குறும்பில் ஒரு துளி குறையவில்லை. பார்க்கிற பிள்ளையை நம்பியவர் செய்த வேலை. நீங்கள் விளம்பரதாரரை நம்பினீர்கள், அதிலும் குறை வைக்கவில்லை.

இப்போது ஜப்பானியத் தொடர்கள் தமிழ்க் குரலிலும் வரத் தொடங்கிவிட்டன. குரல் கொடுப்பவர்களுக்கும் வசனம் எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெயரை மாற்றுங்கள், பகிடியை நம்முடையதாக்குங்கள், பாட்டை நம் மெட்டில் போடுங்கள். ஆனால் முதல் எபிசோட்டிலிருந்து தொடங்குங்கள். மேசைமேல் இருக்கும் அந்தத் தாயின் படத்தை எடுத்துவிடாதீர்கள். எங்கள் பிள்ளைகள் அதைத் தாங்குவார்கள்.