பெயின்ட் குதிரை கொள்முதலியல்: ஓர் ஆய்வு

டெக்சாஸில் குதிரை வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது காலை. பெயின்ட் குதிரை வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது நிறத்தை. கடைசியில் பார்ப்பதும் அதையே. பணம் நிறத்துக்கு, குதிரை இனாம். இதுவே இவ்வாய்வு நிறுவ வரும் கோட்பாடு. மறுப்போர் உளரேல் பண்ணைப் பக்கம் ஒருமுறை போய் வருக.

முதற்கண் வரையறை. உடம்பில் வெள்ளைத் திட்டு விழுந்த குதிரையெல்லாம் பின்டோ. பெயின்ட் ஆக வேண்டுமானால் குலமும் வேண்டும், ஏட்டில் பதிந்த தாய் தந்தையர் வேண்டும். 1940-இல் தோன்றிய குவார்ட்டர் குதிரைச் சங்கம், வெள்ளை மிகுந்த குட்டிகளை நெடுங்காலம் சேர்க்க மறுத்தது. அப்படித் தள்ளப்பட்டவற்றுக்காக 1960-களில் எழுந்ததே பெயின்ட் குதிரைச் சங்கம்; தலைமையகம் ஃபோர்ட் வொர்த். அங்கே திட்டில்லாமல் பிறந்த குட்டிக்குத் தனிப் பதிவேடு. வெள்ளை கூடினால் குவார்ட்டர் சங்கத்தில் குற்றமாக இருந்தது, குறைந்தால் பெயின்ட் சங்கத்தில் குற்றம். இந்த நுட்பம் குதிரைகளுக்கு இன்னும் விளங்கியதாகத் தெரியவில்லை.

வகைகள்: வெள்ளை முதுகைத் தாண்டினால் டோபியானோ, பெரும்பாலும் தாண்டாமல் விலாவோடு நின்று முகத்தில் கொட்டினால் ஓவரோ, இரண்டும் கலந்தால் டோவெரோ. எதுவாயினும் 'அபூர்வம்' என்மனார் விற்பவர்.

அவர் மொழிக்கு உரை தேவை. 'சுறுசுறுப்பானது' என்றால், ஏறியவர் எங்கே இறங்குவது என்பதைக் குதிரை தீர்மானிக்கும். 'அனுபவசாலிக்கு ஏற்றது' என்றால், போன முறை ஏறியவருக்கு அனுபவம் போதவில்லை. 'வயது எட்டு' என்பது ஆராயத்தக்கது. குதிரையின் மேல்வரிசை ஓர வெட்டுப்பல்லில் ஒரு பள்ளக்கோடு, ஏறத்தாழ 10 வயதில் ஈறருகே தோன்றும். 15-இல் பாதிப் பல், 20-இல் முழுப்பல் இறங்கும். எட்டு வயதுக் குதிரைக்குக் கோடு பாதி இறங்கியிருந்தால் ஏழு ஆண்டுகள் விற்பவரின் வாயிலேயே கரைந்தன என்று கொள்க. தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் குதிரைக்கு அந்த விலக்கு இல்லை.

வெள்ளைத் திட்டின் அடியில் தோலும் இளஞ்சிவப்பு. கோடை வெயிலில் மூக்கு வெந்துபோகும்; உரியவர் தினமும் சன்ஸ்கிரீன் பூசுவார், தமக்கல்ல.

நகைப்புக்கு இடமில்லாத ஒன்றும் உண்டு. ஓவரோவில் 'ஃபிரேம்' என்னும் வகையின் மரபணு தாய், தந்தை இருவரிடமும் இருந்தால், நான்கில் ஒரு வாய்ப்பில் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். குடலில் நரம்பணுக்கள் இல்லாததால் சில நாளில் இறந்துவிடும். திட்டைப் பார்த்து மட்டும் இதை அறிய முடியாது. சில குதிரைகளில் மரபணு இருந்தும் திட்டு வெளித்தெரியாது. வேரோடு பிடுங்கிய பிடரிமயிரை ஆய்வகத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். குட்டி எடுக்கும் எண்ணமிருப்பவர் நிறத்தில் மயங்குமுன் இதைச் செய்தாக வேண்டும்.

இனி வாசகருக்கு. நீங்கள் போகும்போதே குதிரை சேணத்தோடு வியர்த்து நின்றால், அதன் முரட்டுத்தனத்தைக் காலையிலேயே ஓட்டி ஓட்டித் தணித்திருக்கலாம். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகப் போங்கள். மேய்கிற குதிரையை உங்கள் கண்முன் பிடித்துவரச் சொல்லுங்கள். ரத்தச்சோகைத் தொற்றுப் பரிசோதனைச் சான்றைக் கேளுங்கள். மருத்துவர் உங்களுடையவராக இருக்கட்டும். முதலில் ஏறுபவர் விற்பவராக இருக்கட்டும்.