கொல்லிமலையை ஒப்பிட்டு எழுத ஆறு சுலபமான வழிகள்

கொல்லிமலையைப் பற்றிப் பயணக் கட்டுரை எழுதப் போகிறீர்களா? நல்லது. நாமக்கல் மாவட்டத்து மலையைப் பற்றி எழுத, அந்த மலையைப் பார்த்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 'போல' என்ற ஒரு சொல் கைவசம் இருந்தால் போதும். மற்றதைக் கீழே படித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் வேறோர் ஊரின் பெயரைப் பிடியுங்கள். ஷில்லாங் 'கிழக்கின் ஸ்காட்லாந்து' ஆகிவிட்டது. ஏற்காடு 'ஏழைகளின் ஊட்டி'. உங்களுக்கு மிச்சம் சுவிட்சர்லாந்து. ஊட்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் உயரத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர். கொல்லி சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர்.

2. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு வேலை இன்னும் சுலபம். முதல் பத்திக்கு 'லைக்', அடுத்ததற்கு 'சிமிலர்லி', அதற்கடுத்ததற்கு 'லைக்வைஸ்'. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு ஒரு பத்தி, அன்னாசித் தோட்டத்துக்கு ஒரு பத்தி, நடுவே ஒரு 'சிமிலர்லி'. சாமிக்கும் அன்னாசிக்கும் என்ன ஒற்றுமை என்று யாரும் கேட்கமாட்டார்கள். தமிழ்க்காரர்கள் 'அதேபோல' போட்டுக்கொள்ளலாம். நம் ஊர் நன்றியுரைகள் மொத்தமும் அதை நம்பித்தான் நடக்கின்றன.

3. தொல்காப்பியரை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். உவமவியலில் அவர் அன்ன, மான, கடுப்ப, புரைய என்று 36 உவம உருபுகளை அடுக்குகிறார். நன்னூலார் இரக்கப்பட்டு 12 ஆக்கினார். அதுகூடப் பரவாயில்லை. வினை, பயன், மெய், உரு ஆகிய நான்கில் எதில் ஒப்புமை என்று கேட்பார் தொல்காப்பியர். 'ஆகாய கங்கை அருவி நயாகராபோல' என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். உயரத்தில் ஆகாய கங்கை சுமார் 300 அடி. நயாகரா 200 அடிகூட இல்லை.

4. சாலைக்குப் 'பாம்புபோல வளைந்து' கட்டாயம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறினால் கொண்டை ஊசி வளைவுகள் 70. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருகிறவருக்குப் பாம்பு ஞாபகம் வராது. ஆனால் கட்டுரை எழுதப்போவது அவரல்லவே.

5. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைத் 'தமிழகத்தின் ராபின் ஹுட்' ஆக்கிவிடுங்கள். யானை, புலி, மான், பன்றி, புற்றிலிருந்த உடும்பு என எல்லாவற்றையும் அவன் ஒரே அம்பால் துளைத்ததை வன்பரணர் பாடியது புறநானூற்றின் 152ஆம் பாட்டு. ராபின் ஹுட் கதைகள் பிறக்க அதன்பின் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதனால் என்ன? முன்னால் வந்தவரைப் பின்னால் வந்தவரின் நகல் ஆக்குவதுதான் இந்தக் கலையின் உச்சம்.

6. காதலிக்குக் 'கொல்லிப்பாவைபோலச் சிரிக்கிறாய்' என்று செய்தி அனுப்பலாம். கபிலர் குறுந்தொகையில் தலைவியைக் கொல்லிமலையின் அந்தப் பாவைக்கு ஒப்பிட்டார். காற்று, மழை, இடி, நில அதிர்ச்சி எது வந்தாலும் அழகு குலையாத பாவை என்று நற்றிணையில் பரணர் சொன்னார். ஒரே ஒரு எச்சரிக்கை: சிரித்து மயக்கி, கிட்டே வந்தவரைக் கொன்றுவிடுவது அந்தப் பாவையின் வழக்கம் என்பது கதை. அந்தப் பெண் சங்க இலக்கியம் படித்தவரா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் கைவந்துவிட்டால் நீங்கள் தேறிவிட்டீர்கள். தொல்காப்பியரிடம் மட்டும் விடைத்தாளைக் காட்டாதீர்கள். உவமையாக வருவது உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது அவர் விதி. கபிலரும் பரணரும் அழகுக்கு அளவுகோலாகக் கொல்லியைக் கொண்டார்கள். நாமோ கொல்லியை அளக்க ஊட்டியைத் தூக்கிக்கொண்டு திரிகிறோம். அடுத்த முறை ஊட்டிக்குப் போகும்போது 'கொல்லிமலைபோல இருக்கிறது' என்று எழுதிப் பாருங்கள். எதில் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.