க்ளெய்ம் மாமா

மழை வலுத்தால் மயிலாப்பூரில் எல்லோரும் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார்கள். மூன்றாம் மாடி க்ளெய்ம் மாமா குனிந்து கீழ்வீட்டு வாசற்படியைப் பார்ப்பார். வங்கியில் ஓய்வு பெற்றவர். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பாலிசி, சட்டைப் பையில் பென்சில்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாறு வழியாகக் கோட்டூர்புரத்துக்குள் புகுந்தபோது, மைத்துனர் வீட்டு பிரிட்ஜ் மிதந்தது. இன்ஷூரன்ஸ் சர்வேயர் தேய்மானம் கழித்த பிறகு கைக்கு வந்த தொகையில் அதன் கதவைக்கூட வாங்க முடியவில்லை. அன்றிலிருந்து மாமா பொடி எழுத்தைப் படிக்கிறார். 2021 ஏப்ரலில் வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசியான 'பாரத் கிருஹ ரக்‌ஷா' வந்தபோது, பேரன் பிறந்தமாதிரி மாடி மாடியாக ஏறிச் சொன்னார்.

மிக்ஜாம் புயலன்று கீழ்வீட்டு மாமி துடைப்பத்தை எடுத்தாரோ இல்லையோ, மாடியிலிருந்து குரல் வந்துவிட்டது.

"துடைக்காதேங்கோ! முதல்ல போட்டோ!"

இறங்கி வந்து, தண்ணீர் ஏறிய உயரத்துக்குச் சுவரில் கோடு கிழித்து, தேதி போட்டார். நனைந்த மெத்தையைத் தூக்கிப் போட விடவில்லை. சர்வேயர் கண்ணால் பார்க்க வேண்டுமாம். ஒரு வாரம் வீடு நாறியது. சர்வேயர் வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டார். மாமாவுக்கு அதில் பரம திருப்தி.

"ஃபிளாட் ரெண்டு கோடி போறது. முப்பது லட்சத்துக்குத்தான் இன்ஷூரன்ஸா?" என்று மாமியின் கணவர் பொருமினார்.

"ஆயிரம் சதுர அடி, கட்ட அடிக்கு மூவாயிரம். பாக்கியெல்லாம் மண்ணோட விலை ஓய்! மயிலாப்பூர் மண்ணை வெள்ளம் அடிச்சுண்டு போயிடுமா? சாமான்களுக்கு அதுல இருபது சதவீதம், ஆறு லட்சம், தானா வந்துடும்."

"என் வளையல்?" என்றார் மாமி.

"நகைக்குத் தனியா சேர்த்து எழுதணும். எழுதினேளா?"

மாமி கணவரைப் பார்த்த பார்வைக்கு எந்த பாலிசியிலும் கவர் கிடையாது.

ஊருக்கெல்லாம் பணம் வாங்கிக் கொடுத்த மாமாவுக்கு ஒரே குறை. மூன்றாம் மாடியில் வெள்ளம் வராது. வருஷா வருஷம் பிரீமியம் கட்டியும் சொந்தமாக ஒரு க்ளெய்ம் இல்லை. போன ஐப்பசியில் அவர் வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்தது என்றதும் குடியிருப்பே சந்தோஷமாகத் திரண்டது. மாமா டார்ச் அடித்தார், போட்டோ எடுத்தார், விளிம்பில் பென்சில் கோடும் போட்டார். பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

"இது புயல்ல வந்ததில்லை. நாள்பட்ட கசிவு. க்ளெய்ம் கிடையாது."

"தேனாம்பேட்டை இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன்கிட்டப் போய்ப் பாருங்களேன்" என்றார் மாமி.

"கம்பெனி மறுத்தாத்தான் அவர்கிட்டப் போக முடியும். இங்கே மறுத்தது நானில்லையோ!"