ஈரானும் இல்லை, கியூபாவும் இல்லை, சத்தியம்!

முடிச்சூரில் லேத் பட்டறை வைத்துக்கொண்டு நாலு வால்வைத் துபாய்க்கு அனுப்புகிறவரிடம் வங்கி ஒரு படிவத்தை நீட்டுகிறது. சரக்கு ஈரானுக்குப் போகாது, கியூபாவுக்குப் போகாது, வட கொரியாவுக்குப் போகவே போகாது என்று சீல் குத்திக் கையெழுத்துப் போட வேண்டும். வாங்குபவர் யார், அவருடைய வங்கி எது, கப்பல் யாருடையது, கடைசியில் வால்வு ஏறப்போவது எந்தக் குழாயில், எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். துபாய்க்காரர் வேறு யாருக்கும் தள்ளிவிடமாட்டார் என்று அவரிடமும் எழுதி வாங்க வேண்டும்.

எல்லாம் முடித்துவிட்டு வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறார். அது மணலியில் வடித்ததாகவே இருக்கலாம். மணலி ஆலையை நடத்தும் சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தில் 15.4 சதவீதப் பங்கு நாஃப்டிரானுக்கு. அது அமெரிக்கத் தடைப் பட்டியலில் உள்ள ஈரான் அரசு எண்ணெய் நிறுவனத்தின் பிள்ளை. பதற வேண்டாம், தடைபட்டவர் கையில் 50 சதவீதமாவது இருந்தால்தான் தோஷம் தானாக ஒட்டும் என்பது அமெரிக்கக் கருவூலத்தின் விதி.

2012-இல் ஈரான் எண்ணெய்க்கு ரூபாயில் பணம் கட்ட நம் அரசு பிடித்தது யூகோ வங்கியை. அமெரிக்காவில் கிளை இல்லாததே அதற்குப் பெரிய தகுதி. பட்டறைக்காரருக்கும் அங்கே கிளை கிடையாது. ஆனால் அவருக்கு வரும் டாலர், நியூயார்க்கில் தலையைக் காட்டிவிட்டுத்தான் முடிச்சூருக்கு வண்டி ஏறும்.