பச்சையா, வெள்ளையா, நீலமா?

அக்கா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். போன வாரம் வீட்டுக்கு வந்தவன், "மாமா, ஆர்மிக்குப் போலாமா, நேவியா, ஏர்ஃபோர்ஸா? நீங்கதான் மூணுத்துக்கும் போனவராச்சே" என்றான். போனது உண்மைதான். போன வேகத்தில் திரும்பி வந்ததை அக்கா அவனிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

எங்கள் வேலூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர்களாவது இருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வாய்த்தவர் அம்மாவின் அண்ணன். மெட்ராஸ் ரெஜிமெண்ட். 1758-இல் தொடங்கிய படை என்பதை, ரிப்பன் வெட்டும்போது தானும் பக்கத்தில் நின்றதுபோலச் சொல்வார். வைக்கோல்போரில் சாரைப்பாம்பு தெரிந்தால் போதும், "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று முழங்கிக்கொண்டு தடியோடு ஓடுவார். அந்தச் சத்தத்திலேயே பாம்பு அடுத்த கொல்லைக்குக் குடிபோய்விடும். ஒன்றைக்கூட அவர் அடித்து நான் பார்த்ததில்லை.

2008-இல் நான் பிளஸ் டூ முடித்ததும் திண்ணையில் ஆலோசனைக் கூட்டம் கூடியது. முதலில் மாமா. "ஆர்மி வேணாம்டா மாப்ளே. பனியில நின்னு நின்னு என் முட்டி ரெண்டும் தனியா பேசிக்குது. நேவிக்குப் போ. எங்க போனாலும் கட்டில், சமையல்கட்டு எல்லாம் கூடவே வருது பாரு!"

எதிர்வீட்டு அண்ணன் நேவி. அவர் தலையில் அடித்துக்கொண்டார். "மூணடுக்குக் கட்டில்ல நடுவுல படுத்துப் பாரு தம்பி. மேல இருக்கிறவன் வாந்தி எடுத்தா எங்க போவ? ஏர்ஃபோர்ஸ்தான் சரி. சாயங்காலம் ஆனா சைக்கிள எடுத்துக்கிட்டு குவார்ட்டர்ஸுக்கு வந்துடலாம்."

தெருக்கோடி சார் ஏர்ஃபோர்ஸில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருபது வருஷம் இருந்தவர். "நான் முதல்முதலா பிளேன் ஏறினதே ரிட்டயர் ஆனப்புறம், பொண்ணு டிக்கெட் போட்டுக் குடுத்தப்போதான். அதுவரைக்கும் பிளேனோட நட்டு போல்ட்டைத்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன். ஆர்மிக்குப் போ. பதினஞ்சு வருஷத்துல பென்ஷனோட வெளிய வந்துடலாம்."

ஆக, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தோம். மூவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் கேண்டீன் கார்டு. நான் எந்தப் படையில் சேர்ந்தாலும் கோட்டா பாட்டில் ஊருக்கு வந்துவிட வேண்டும் என்பதில் மட்டும் முப்படைக்கும் அப்படி ஓர் ஒற்றுமை.

அம்மாவுக்கு வேறு கவலை. ஜோசியர் எனக்கு நீரில் கண்டம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். எதிர்வீட்டு அண்ணன்தான் சமாதானம் சொன்னார்: அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறது. பெயர்தான் கப்பல் மாதிரி. உள்ளே இருப்பது நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஓடுதளம். கடலைப் பார்க்க ரயிலேறிச் சென்னைக்குத்தான் வர வேண்டும். அம்மா முகம் தெளிந்தது. "அரக்கோணமா? அங்க குடிக்கவே லாரியிலதானே தண்ணி வருது!" கண்டம் அத்தோடு கழிந்தது.

என் கணக்கு வேறு. யூனிஃபார்ம். ஆர்மிக்குப் பச்சை, நேவிக்கு வெள்ளை, ஏர்ஃபோர்ஸுக்கு நீலம். வெள்ளையைத் துவைத்து மாளாது. நீலத்தைப் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தால் தபால்காரரா என்று கேட்பார்கள். பச்சைதான் எடுப்பு என்று முடிவு செய்தேன்.

அதற்குள் மாமா ஒரு ட்ரங்க் பெட்டியே வாங்கிவிட்டார். பெயின்ட் கடையில் நானே போய்ப் பார்த்துப் பார்த்துப் பச்சை எடுத்து வந்தேன். டப்பாவைத் திறந்தவர், "என்னடா இது, மண்ணு கலர்ல இருக்கு?" என்றார். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று இருவரும் போய்ச் சண்டை போட்டோம். திறந்த டப்பாவை அவன் திரும்ப வாங்கவில்லை. சரியென்று அதையே அடித்து, மேலே வெள்ளையில் என் பெயர், அதற்குக் கீழே சர்வீஸ் நம்பருக்கு நாலு விரற்கடை இடம். "நம்பர் வந்ததும் நானே எழுதறேன்" என்றார் மாமா.

ஆள்சேர்ப்பு முகாமில் உயரம் பார்க்க ஒரு கம்பியைக் குறுக்கே கட்டியிருப்பார்கள். அடியில் நடக்கும்போது தலை முட்டினால் பாஸ். தலையில் இடிபட வேண்டுமென்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டவன் நானாகத்தான் இருப்பேன். வேண்டியது 166 சென்டிமீட்டர்; நான் 164. மீதி இரண்டுக்கு முடியைத் தூக்கிச் சீவிப் போயிருந்தேன். ஹவில்தார் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளங்கையைத் தலையில் வைத்து, பரோட்டா மாவை அமுக்குவதுபோல் ஓர் அமுக்கு. தரைப்படை முடிந்தது.

நேவி எழுத்துத் தேர்வில் இயற்பியலே என்னை மூழ்கடித்துவிட்டது. கடல் வரை போக அவசியமே ஏற்படவில்லை. மிச்சம் ஏர்ஃபோர்ஸ். அங்கே 152.5 சென்டிமீட்டர் போதும். தாம்பரத்தில் எழுத்துத் தேர்வு பாஸ், 1.6 கிலோமீட்டர் ஓட்டமும் பாஸ். ஊரில் மாமா பெயின்டரிடம் மெல்லிய பிரஷ் இரவல் கேட்டு வைத்தாராம்.

மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள்; நடுவே என்ன எண் என்று சொல்ல வேண்டும். முதல் பக்கம், "12" என்றேன். "குட்" என்றார். அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. இன்னொரு பக்கத்தில் எனக்கு முன்னால் நின்றவன் 74 என்றான். அவனுக்குக் கண் கோளாறு என்று பரிதாபப்பட்டுக்கொண்டே, "21" என்றேன், கணீரென்று. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ரெட், கிரீன் ரெண்டும் உங்களுக்குக் குழப்பும் தம்பி. சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கும். வீட்ல யாரும் கவனிக்கலையா?"

கவனித்திருக்கிறார்கள். காய் மாங்காயைப் பழமென்று வாங்கி வந்ததற்காக அம்மாவிடம் வாங்கிய அடிகள் ஒவ்வொன்றும் தாம்பரத்திலிருந்து திரும்பும் ரயிலில் வரிசையாக நினைவுக்கு வந்தன. பெயின்ட் கடைக்காரன் முகமும்தான். இன்றுவரை அந்தக் கடைப் பக்கம் நான் போவதில்லை.

இதையெல்லாம் சொன்னால் அக்கா மகன் சிரிக்கிறான். அவன் 178 சென்டிமீட்டர், கம்பி வளைந்துவிடும். ஆனால் தெருக்கோடி சாரின் பதினைந்து வருஷக் கணக்கு இவனுக்குச் செல்லாது. 2022-இல் அக்னிபத் வந்த பிறகு நாலே வருஷம். அதற்குமேல் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். மாமாவிடம் கேட்கச் சொன்னேன். கேட்டானாம். "நேவிக்குப் போடா" என்றாராம்.

பேசிக்கொண்டே எங்கள் சமையலறையில் அந்த ட்ரங்க் பெட்டிமேல்தான் உட்கார்ந்திருந்தான். இப்போது அதில் அரிசி. என் பெயர் பாதி உரிந்துவிட்டது. கீழே மாமா விட்ட நாலு விரற்கடை இடத்தில், போன் செய்யும்போது தேடவேண்டாம் என்று, என் மனைவி கேஸ் கன்ஸ்யூமர் நம்பரை மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறாள். சிவப்பில் எழுதியிருப்பதாகச் சொல்கிறாள்.