எந்தப் படியில் நிற்கிறாய்?

தன் நிறைகுறையைத் தானே அளந்துகொள்வது சாமியார்களுக்கே சுலபத்தில் கைவராது. நாம் அதை ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஆரம்பித்து வைத்தவர்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 வாக்கில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் பாடம் ஒரு ஏணி. படிக்கொரு அட்டை, அட்டைக்கொரு சின்னம். வருகையைக்கூடப் பிள்ளையே குறித்துக்கொள்ளும்.

அந்தக் காலத்தில் ஒரு பள்ளியில் பார்த்தேன். இரண்டாம் வகுப்புப் பையன் பாயிலிருந்து எழுந்து வந்து, சுவரில் இருந்த ஏணியில் ஒரு படியைத் தொட்டான். "இங்க நிக்கிறேன் சார். கடன் வாங்கிக் கழிக்கிறது இன்னும் வரல." வெட்கமே இல்லை. இருபது வருஷ உத்தியோகத்தில் ஒரு அதிகாரி வாயிலிருந்தும் "எனக்கு இது வரல" என்று நான் கேட்டதில்லை.

சாயங்காலம் அவன் அப்பா வந்தார். பையன் ஏணியை விளக்கினான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிடா, எத்தனாவது ரேங்க்?" என்றார். ரேங்க் கிடையாது என்றதும், "பக்கத்து வீட்டுப் பாப்பா எந்தப் படி?"

இப்போது 'எண்ணும் எழுத்தும்' திட்டம். 2022-ல் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலை. எந்தப் பிள்ளை எது என்று ஆசிரியர் செயலியில் ஏற்ற வேண்டும். போன வாரம் ஒரு டீச்சர் வேப்பமரத்தடியில் மொபைலை உயர்த்திப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். சிக்னல் வந்தால்தான் நாலு மொட்டு மலருமாம்.