குடும்பத்தோட பார்க்கலாமா, அண்ணாச்சி?

2023 நவம்பரில் ஜியோ பேபியின் மலையாளப் படம் 'காதல் தி கோர்' வந்தது. 20 ஆண்டு மணவாழ்க்கைக்குப் பிறகு ஓமனா (ஜோதிகா) விவாகரத்துக் கேட்கிறாள். கணவர் மேத்யூ தன்பாலீர்ப்பாளர். வளர்ந்த மகளுக்குத் தகப்பன். மேத்யூவாக நடித்துப் படத்தைத் தயாரித்தவர், அப்போது 72 வயதான மம்மூட்டி.

திருநெல்வேலிப் பக்கம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். "குடும்பத்தோட பார்க்கலாமா, அண்ணாச்சி?" என்பார்கள். முத்தக் காட்சிகூட இல்லாத படம்! கேட்பவர், தாமிரபரணிக் கரையில் அரிவாளோடு ஆள் துரத்தும் படங்களுக்குப் பேரப்பிள்ளையைக் கூட்டிப்போய், இடைவேளையில் பாப்கார்னும் வாங்கித் தந்தவர்.

அடுத்தது வருத்தம்: "'தளபதி' தேவாவுக்கு ஏன் வே இந்த வேலை?" 'தளபதி'யில் மம்மூட்டி நடித்த தேவா ஊரையே மிரட்டிய தாதா. அது கௌரவமான உத்தியோகம்.

'காதல் தி கோர்' படத்தில் மேத்யூ உள்ளாட்சி இடைத்தேர்தலில் நிற்கிறார். வழக்கு விவரம் ஊருக்கே தெரிந்த பிறகும் ஜெயிக்கிறார்.